முதுமையில் ஆட்டமும் அறிவும்

(ஏரலில் கூடிய முதியோர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)





கிராம வளர்ச்சி என்றதும் சாலை, குடிநீர், தெருவிளக்கு, பள்ளிக் கட்டடம் ஆகியவையே நினைவுக்கு வருகின்றன. அவை யாவும் வேண்டுவனவே. ஆயினும், அச்சாலையில் நடப்பதற்குரிய கால் வலிமையும், நடந்து சென்றவர் வீடு திரும்புவதற்குரிய நினைவுத் தெளிவும் இல்லையாயின் சாலையினால் அவருக்கு விளையும் பயன் யாது? முதியோரின் உடலசைவையும் சிந்தனையையும் ஆட்டமும் உடற்பயிற்சியும் எங்ஙனம் காக்கின்றன என்பதையும், அதன் பொருட்டு ஏரலும் ஏரலைச் சூழ்ந்த சிற்றூர்களும் என்ன செய்யக் கூடும் என்பதையும் இன்று எடுத்துக் கூற விரும்புகிறோம்.

2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் 100-க்கு 10 பேருக்கு மேல் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள். அதன் பின்னர் இவ்விகிதம் உயர்ந்தே வந்திருக்கிறது. இந்திய நாட்டு முதியோரிடையே நடத்தப்பெற்று 2023-இல் வெளியான பேராய்வொன்று, 60 வயதைக் கடந்தோரில் 100-க்கு 7 பேருக்கு மேல் மறதி நோய்க்கு ஆளாகியுள்ளனர் என்றும், அவர்கள் தொகை ஏறத்தாழ 88 லட்சம் என்றும் மதிப்பிட்டது. ஆடவரைக் காட்டிலும் பெண்டிரிடத்தும், நகரங்களைக் காட்டிலும் கிராமங்களிலும் இந்நோய் மிகுதி என்பதும் அவ்வாய்வின் முடிவு. ஆகவே இது பட்டணத்தார் கவலை என்று நாம் ஒதுக்கிவிட இயலாது.

உட்கார வைப்பது மரியாதையா?

முன்னாளில் நம் பக்கத்தில் உடற்பயிற்சி என்று தனியே ஒன்று தேவைப்படவில்லை. நாற்று நடுதல், களை பறித்தல், நெல் குற்றுதல், ஆற்று நீரைக் குடத்தில் சுமந்து வருதல், வாழைக்கு மண் அணைத்தல், பனை ஏறுதல், கடற்கரையில் வலை இழுத்தல் எனக் காலை முதல் மாலை வரை உடல் இயங்கிக்கொண்டேயிருந்தது. இன்று நீர் குழாயில் வருகிறது. மாவை இயந்திரம் அரைக்கிறது. வயலில் நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் இறங்கிவிட்டன. இவை குறைகள் அல்ல. அரசும் ஊராட்சிகளும் மக்களும் முயன்று கொண்டுவந்த நன்மைகளே. உழைப்பின் கொடுமை நீங்கியது நன்று. ஆனால் அக்கொடுமையோடு இயக்கமும் சேர்ந்து நீங்கிற்று. நீங்கிய இயக்கத்தின் இடத்தில் வேறொன்றை நாம் இன்னும் வைக்கவில்லை.

அதற்கு மேல் நம்மிடம் ஒரு பழக்கம் உண்டு. “நீங்கள் சும்மா இருங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று வீட்டுப் பெரியோரிடம் மகனும் மருமகளும் கூறுகின்றனர். சென்னையிலும் வளைகுடா நாடுகளிலும் வேலை பார்க்கும் பிள்ளைகளோ, “வெளியே எங்கும் போகாதீர்கள், விழுந்து வைக்காதீர்கள்” என்று தொலைபேசியில் எச்சரிக்கின்றனர். அன்பினால் எழும் சொற்களே இவை. எனினும் விளைவு யாது? நடவாத கால் மெலிகிறது. மெலிந்த கால் தடுமாறுகிறது. தடுமாறியவர் அஞ்சி மேலும் முடங்குகிறார். பேச்சுத் துணையும் புதுச் செய்தியும் இல்லாத மூளை மந்தமடைகிறது. மரியாதை என்ற பெயரால் முதியோரை நாற்காலியோடு பிணைத்துவிடுகிறோமோ என்று ஒவ்வொரு வீட்டாரும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தவறி விழுவதைச் சிறிய செய்தியாகக் கருதுதலும் தவறு. விழுதலால் உலகில் ஆண்டுதோறும் 6 லட்சத்து 84 ஆயிரம் பேர் உயிரிழக்கின்றனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அவர்களுள் முதியோரே மிகுதி. இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழுந்த முதியவர் பலர் பின்னர் எழுந்து நடமாடுவதேயில்லை என்பதை நீங்களும் அறிவீர்கள்.

ஏரல் மக்களுக்கு இதனை வேறொரு வகையாலும் நினைவூட்டலாம். 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை பதிவாயிற்று. தாமிரபரணி கரை கடந்தது. ஏரலில் வெள்ளம் புகுந்தது. ஆற்றுப் பாலத்தில் போக்குவரத்து அற்றது. அத்தகைய இரவில் ஒரு முதியவர் தாமே எழுந்து மாடிப்படி ஏற வல்லவரா என்பது உயிர் பிழைப்பதைப் பற்றிய கேள்வியாகிவிடுகிறது. ஆற்றங்கரையில் வாழும் நமக்குக் கால் வலிமை அணிகலன் அன்று; அது காப்பு.

நடையும் ஒரு சிந்தனையே

மனிதன் நிமிர்ந்து நிற்பதற்கு மூன்று துணைகள் உண்டு. கண் ஒன்று, உட்செவியிலுள்ள சமநிலை உறுப்பு மற்றொன்று, உள்ளங்காலும் மூட்டுகளும் தரும் உணர்ச்சி மூன்றாவது. இம்மூன்றும் அனுப்பும் செய்திகளை மூளை ஒன்றுகூட்டி, எந்தத் தசையை எப்போது இறுக்க வேண்டும், எப்போது தளர்த்த வேண்டும் என்று நொடிதோறும் கட்டளையிடுகிறது. இளமையில் இது நாம் அறியாமலே நிகழ்கிறது. முதுமையில் கண் மங்கி, செவி தளர்ந்து, பாதத்தின் உணர்வு குறையும்போது, முன்பு தானாக நடந்த வேலைக்கு இப்போது கவனம் தேவைப்படுகிறது. ஆடி அமாவாசையன்று சேர்மன் கோயிலுக்கு வந்து ஆற்றில் இறங்கி நீராடும் பெரியோர், நனைந்த படியில் கால் வைக்கும்போது பேச்சை நிறுத்திவிடுவதைக் கவனித்திருப்பீர்கள். மூளை தன் கவனம் முழுவதையும் காலுக்குக் கொடுக்கும் நேரம் அது.

சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் இதனையே அளந்து பார்த்து 1997-இல் வெளியிட்டனர். முதியோர் இல்லத்தில் வாழ்ந்த 58 பேரை நடக்கச் செய்து, நடக்கும்போதே அவர்களோடு பேச்சுக் கொடுத்தனர். 12 பேர், விடை கூறுவதற்காக நடையை நிறுத்திக்கொண்டனர். அடுத்த 6 மாதங்களுக்குள் அந்த 12 பேரில் 10 பேர் தவறி விழுந்தனர். நடையும் சிந்தனையும் ஒரே களஞ்சியத்திலிருந்து எடுத்துச் செலவிடப்படுகின்றன என்பதும், களஞ்சியம் குறையும்போது இரண்டும் போட்டியிடுகின்றன என்பதும் இதனால் விளங்கும். ஆகவே முதியோருக்கு வேண்டுவது காலுக்கு மட்டும் ஒரு பயிற்சி, கருத்துக்கு மட்டும் ஒரு பயிற்சி என்பதன்று. இரண்டையும் ஒருங்கே பழக்கும் பயிற்சி வேண்டும். ஆட்டம் அத்தகையது.

நம் ஊர் ஆட்டங்களின் நுட்பம்

பின்னல் கோலாட்டத்தை நினைத்துப் பாருங்கள். மேலே ஓரிடத்தில் கட்டிய கயிறுகளை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு, உள்ளும் புறமுமாக மாறி மாறிச் சுற்றி வருகின்றனர். கயிறுகள் அழகிய சடையாகப் பின்னிக்கொள்கின்றன. பின்னர் அதே வரிசையில் திரும்பி ஆடிப் பின்னலை அவிழ்க்க வேண்டும். ஒருவர் ஓரடி தவறினாலும் பின்னல் சிக்கலாகிவிடும். ஆகவே ஆடுபவர் தாளத்தைக் கேட்க வேண்டும். பாட்டின் அடியை நினைவில் வைக்க வேண்டும். எதிரே வருபவருக்கு வழிவிட வேண்டும். அடுத்து உள்ளே செல்வதா, வெளியே செல்வதா என்று முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். நினைவு, கவனம், இடத்தைப் பற்றிய அறிவு, கால் அசைவு ஆகிய நான்கும் ஒரே நேரத்தில் பழகுகின்றன.

கும்மியில் கையும் காலும் பாட்டோடு இசைகின்றன. குனிதலும் நிமிர்தலும் திரும்புதலும் இடுப்பையும் முழங்காலையும் பழக்குகின்றன. ஒயிலாட்டத்தில் வரிசையாக நின்று, முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் அடிவைத்து, கைத்துணியை வீசி ஆடுகின்றனர். முதியோர் திரும்பும்போதும் பக்கம் நகரும்போதும் தவறி விழுவது உண்டு ஆதலின், நேர்நடை தாராத பயிற்சியை இவ்வாட்டம் தருகிறது. தென்கடற்கரையூர்களின் களியலாட்டமும், நம் மாவட்டத்து ஜமீன் கோடாங்கிபட்டியில் போற்றப்பட்டு வரும் தேவராட்டமும் அடிவரிசைகள் நிறைந்தவை. இவற்றில் விரைவான ஆட்டங்கள் இளைஞர்க்குரியன. ஆனால் அடிவரிசையை மெதுவாக ஆடலாம். குதித்தலை விடுத்து ஆடலாம். நிற்க இயலாதவர் நாற்காலியில் அமர்ந்தே கைத்தாளமும் கால்தாளமும் இடலாம்.

ஆராய்ச்சி கூறுவது யாது?

நியூயார்க் நகரில் 75 வயதைக் கடந்த 469 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2003-இல் வெளியாயிற்று. அவர்களுள் 124 பேருக்குப் பின்னர் மறதி நோய் கண்டது. படித்தல், காய் நகர்த்தி ஆடும் விளையாட்டுகள், இசைக்கருவி வாசித்தல் ஆகியவற்றில் ஈடுபட்டோருக்கு அந்நோய் குறைவாகக் காணப்பட்டது. உடலியக்கம் சார்ந்த பொழுதுபோக்குகளுள் அத்தகைய தொடர்பு காணப்பட்டது நடனம் ஒன்றிற்கே.

நம் மூளையில் நினைவைப் பதிக்கும் பகுதியொன்று உண்டு. அதன் வடிவு மன்னார் வளைகுடாவில் வாழும் கடற்குதிரையை ஒத்திருப்பதால், அவ்விலங்கின் கிரேக்கப் பெயரையே மருத்துவர்கள் அதற்குச் சூட்டினர். முதுமையில் அப்பகுதி ஆண்டுதோறும் சிறிது சிறிதாகச் சுருங்குகிறது. அமெரிக்காவில் 120 முதியோரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர் வாரத்தில் 3 நாள், நாளொன்றுக்கு 40 நிமிடம் வரை விரைவாக நடந்து வருமாறும், மற்றப் பிரிவினர் உடலை நீட்டி மடக்கும் எளிய பயிற்சிகளை மட்டும் செய்து வருமாறும் ஓராண்டுக் காலம் பழக்கினர். 2011-இல் வெளியான முடிவின்படி, நடந்தோருக்கு அப்பகுதி ஏறத்தாழ 2 விழுக்காடு வளர்ந்திருந்தது, மற்றவர்க்குச் சுருங்கியிருந்தது.

ஜெர்மனியில் மாக்டெபர்க் நகரத்து ஆராய்ச்சியாளர் அதற்கு மேலும் ஒரு படி சென்றனர். முதியோரில் ஒரு பிரிவினர்க்கு நடனமும், மற்றொரு பிரிவினர்க்கு வழக்கமான உடற்பயிற்சியும் 18 மாதங்கள் கற்பித்தனர். நடனப் பிரிவினர்க்குப் பழைய அடிகள் பழகியவுடன் புதிய அடிகள் கொடுக்கப்பட்டன. 2017-இல் வெளியான முடிவு யாதெனில், மூளையின் நினைவுப் பகுதி இரு பிரிவினர்க்கும் வளர்ந்தது. உடலின் சமநிலையோ நடனம் பயின்றோர்க்கே மேம்பட்டது.

இவற்றை அளவுக்கு மீறிப் பொருள் கொள்ளலாகாது. நியூயார்க் ஆய்வில், அறிவுத் தெளிவுள்ளவர்கள்தாம் நடனமாட முன்வந்தனரோ என்ற ஐயத்திற்கு இடமுண்டு. ஜெர்மானிய ஆய்வில் பங்குபெற்றோர் மிகச் சிலரே. ஆட்டம் மறதி நோயைத் தீர்க்கும் மருந்து என்று எவரேனும் கூறினால் நம்பாதீர்கள். 108 ஆய்வுகளை ஒருங்கே நோக்கிய 2019-ஆம் ஆண்டின் மதிப்பீடொன்று, உடற்பயிற்சி முதியோர் விழும் நிகழ்ச்சிகளை 23 விழுக்காடு குறைக்கிறது என்று உறுதியாகக் கூறியது. ஆனால் ஆட்டம் மட்டுமே அப்பயனைத் தரும் என்பதற்கு அதில் போதிய சான்று கிடைக்கவில்லை. ஆதலின் ஆட்டத்தோடு கால் வலிமைப் பயிற்சியும் சமநிலைப் பயிற்சியும் சேர்தல் வேண்டும்.

“வயதான காலத்தில் ஆட்டமா?”

ஊரார் இவ்வாறு கேட்பார்கள் என்ற கூச்சமே நமக்குப் பெருந்தடை. ஜப்பானில் 1928-ஆம் ஆண்டு முதல் வானொலி இசைக்கேற்பக் காலைப் பயிற்சி செய்யும் வழக்கம் இருந்து வருகிறது. அங்கே பூங்காக்களில் பாட்டன்மாரும் பாட்டிமாரும் நாணமின்றிக் கூடுகின்றனர். சீன நாட்டுச் சதுக்கங்களில் மாலை வேளைகளில் முதிய மாதர் கூட்டங் கூட்டமாக ஆடுகின்றனர். நம் தமிழ்நாட்டிலேயே கோவை வட்டாரத்து பத்திரப்பன் என்னும் கலைஞர், வள்ளி ஒயில் கும்மியைப் பல்லாண்டு கற்பித்து, ஆடவர் மட்டுமே ஆடிவந்த அவ்வாட்டத்தில் பெண்களையும் பழக்கி, 2024-இல் தம் 87-ஆவது வயதில் பத்மஸ்ரீ விருதுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நாடே போற்றிய செயல் நம் ஊரில் மட்டும் நகைப்புக்குரியதாகுமா?

மற்றொன்றையும் வெளிப்படையாகக் கூற வேண்டும். கணவரை இழந்த பெண்டிர் கும்மிக் களத்தில் சேரலாகாது என்னும் பழக்கம் சில இடங்களில் இன்னும் மறையவில்லை. நம் முதிய மாதருள் பெரும்பகுதியினர் அவர்களே. தனிமையால் மிகுதியும் வாடுவோரும் அவர்களே. அவர்களை விலக்கி நடத்தும் ஆட்டத்தால் யாருக்குப் பயன்? அதுபோன்றே இத்தெருவார், அத்தெருவார் என்ற பிரிவும் இக்களத்தில் தலைகாட்டலாகாது. கும்மி வட்டத்திற்குத் தலையும் இல்லை, கடையும் இல்லை.

ஊர்தோறும் ஓர் ஆட்டக்களம்

இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. சமுதாயக் கூடமோ, பள்ளி விட்டபின் அதன் முற்றமோ, கோயில் மண்டபமோ போதும். தரை சமமாகவும் ஈரமின்றியும் இருக்க வேண்டும். விளக்கு வெளிச்சம் வேண்டும். குடிநீரும் சில நாற்காலிகளும் வேண்டும். வாரத்தில் 3 நாள், மாலையில் முக்கால் மணி நேரம் கூடலாம்.

முதல் 10 நிமிடம் மெல்ல நடந்தும் கைகால்களை அசைத்தும் உடலைச் சூடாக்குங்கள். அடுத்த 20 நிமிடம் கும்மி, கோலாட்டம், ஒயிலாட்டம் ஆகியவற்றுள் ஒன்று. அதன்பின் 10 நிமிடம் நாற்காலியிலிருந்து எழுந்து அமர்தல், குதிகாலை உயர்த்தி நிற்றல், சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்றல் ஆகியவை. எஞ்சிய 5 நிமிடம் ஓய்வு. வாரந்தோறும் புதிதாக ஓரடியேனும் சேர்க்க வேண்டும். பழகிய அடியையே திரும்பத் திரும்ப ஆடினால் கால் மட்டுமே உழைக்கும். புதிய அடியைக் கற்கும்போது கருத்தும் உழைக்கும்.

ஆசிரியரை வெளியே தேட வேண்டியதில்லை. பழைய கும்மிப் பாடல்களை அறிந்த பாட்டிமார் ஒவ்வோர் ஊரிலும் உள்ளனர். அவர்களையே ஆசிரியராக அமர்த்துங்கள். கற்பிப்பவர் என்ற நிலை, “சும்மா இருங்கள்” என்ற சொல்லைவிட மேலான மரியாதையாகும். பாடல்களை எழுதி வைக்கும் பணியை மகளிர் குழுவினரும் பள்ளிப் பிள்ளைகளும் ஏற்கலாம்.

பயனை அளந்தும் பார்க்கலாம். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு நாற்காலியில் அமர்ந்தவர், 30 விநாடிக்குள் எத்தனை முறை முழுமையாக எழுந்து நிற்கிறார் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். அருகில் ஒருவர் துணை நிற்க வேண்டும். 3 மாதம் கழித்து மீண்டும் எண்ணிப் பாருங்கள். ஏட்டிலுள்ள எண்ணே எமது சொல்லைக் காட்டிலும் நன்றாகப் பேசும்.

மற்ற நாட்களில் நடையைக் கைவிடலாகாது. வாரத்தில் 150 நிமிடமேனும் மிதமான இயக்கமும், 3 நாட்களேனும் சமநிலையும் வலிமையும் தரும் பயிற்சியும் 65 வயதைக் கடந்தோருக்குத் தேவை என்பது உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வகுத்த நெறி. ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்னும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2023 நவம்பரில் தொடங்கி, மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை வகுத்தது. அத்தனை தொலைவு இயலாதவர்கள் தம் தெருவின் முனைவரை நடந்து திரும்பினும் நன்மையே.

கவனிக்க வேண்டியவை

நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், தலைசுற்றல் உள்ளவர்களும், அண்மையில் விழுந்தவர்களும் மருத்துவரைக் கேட்ட பின்னரே தொடங்க வேண்டும். இரத்த அழுத்தத்திற்கும் சர்க்கரை நோய்க்கும் உரிய மாத்திரைகளை ஆட்டம் தொடங்கியதனால் நிறுத்திவிடலாகாது. அந்நோய்களை அடக்கி வைப்பதும் மூளையைக் காப்பதேயாகும். 2021-இல் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இம்மருந்துகளையும் இயன்முறைப் பயிற்சியையும் வீட்டு வாயிலுக்கே கொண்டு வந்தது. சர்க்கரை நோயால் பாத உணர்வு குறைந்தவர்கள் வெறுங்காலில் ஆடலாகாது. உண்டவுடன் ஆடுதலும் வேண்டா. கண்புரையும் காது மந்தமும் சமநிலையையும் நினைவையும் கெடுப்பன ஆதலின், அவற்றிற்கு மருத்துவம் செய்துகொள்வதும் இப்பயிற்சியின் ஒரு பகுதியே. பேச முடிகிற அளவுக்கே விரைவு இருக்கட்டும். மறதி நோய் ஏற்கெனவே கண்டவரையும் விலக்காதீர்கள். மகனின் பெயரை மறந்தவரும் இளமையில் பாடிய பாட்டின் தாளத்தை மறவாதிருத்தல் உண்டு. அவர் அருகில் ஒருவர் கைபிடித்து நின்றால் போதும்.

பெரியோர்களே! நீண்ட வாழ்நாள் மட்டும் நமது நோக்கமன்று. வாழும் நாள்வரை தம் காலில் நின்று, தம் மக்களைப் பெயர் சொல்லி அழைத்து வாழ வேண்டும் என்பதே நோக்கம். அதற்கு உறுதிமொழி தரும் வல்லமை எந்தப் பயிற்சிக்கும் இல்லை. ஆனால் அதற்கு உதவி செய்யும் வல்லமை நம் கும்மிக்கும் கோலாட்டத்திற்கும் உண்டு. இங்கு வந்திருக்கும் ஊராட்சி அன்பர்கள் ஊர் திரும்பியதும் ஓர் இடத்தையும் ஒரு மாலை நேரத்தையும் குறித்து எமக்குத் தெரிவியுங்கள். விளக்கு, இடம் முதலியவற்றிற்கு விதிகளுக்குட்பட்டு ஆவன செய்ய எமது அலுவலகம் காத்திருக்கிறது. மகன்மாரும் மருமகள்மாரும் செய்ய வேண்டுவது அதனினும் எளிது. இன்று மாலை வீட்டுப் பெரியவரிடம், “சும்மா இருங்கள்” என்பதற்கு மாறாக, “எழுந்து வாருங்கள், நாங்களும் வருகிறோம்” என்று கூறுங்கள்.